ஆங்கிலப் பேச்சின் அழுத்தமும் தாளமும்: ஓர் எளிய அறிமுகம்

கொழும்பில் ஒருவருடைய ஆங்கிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், அது பெரும்பாலும் 'அக்சென்ட்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். நல்ல அக்சென்ட் என்பார்கள், அக்சென்ட் சரியில்லை என்பார்கள். எது நல்லது, எது சரியில்லை என்று கேட்டால் தெளிவான விடை வராது. சிலர் தனித்தனி ஒலிகளைச் சுட்டிக் காட்டுவார்கள். ஒகரம் பிசகுவதையும், 'ஸ்கூல்' என்பதற்கு முன் ஓர் இகரம் ஒட்டிக்கொள்வதையும் கேலி செய்வது இந்நகரத்தின் பழைய வழக்கம். 'நொட் பொட்' என்று அதற்கு ஓர் ஏளனப் பெயரே உண்டு. வேறு சிலர், வெள்ளைக்காரர் வேகமாகப் பேசுகிறார்கள், பாதிச் சொற்களை விழுங்கிவிடுகிறார்கள் என்று முடித்துக்கொள்வார்கள். இரு தரப்பாரும் அழுத்தம், தாளம் என்னும் இரண்டையும் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். தமிழரின் ஆங்கிலம் பிறருக்குப் பிடிபடாமல் போகும் இடங்களிலும், பிறரின் ஆங்கிலம் தமிழருக்குப் பிடிபடாமல் போகும் இடங்களிலும் தனி ஒலிகளைவிட இவையே அதிகமாகக் குறுக்கே நிற்கின்றன என்பது என் கருத்து.

தொடங்குமுன் ஒரு கலைச்சொல்லும் ஒரு குறியும் தேவைப்படுகின்றன. ஓர் உயிரொலியை நடுவாகக் கொண்டு ஒரே வீச்சில் ஒலிக்கும் துண்டை இங்கே அசை என்கிறோம். 'கடல்' என்பதில் க, டல் என இரண்டு அசைகள் உள்ளன. யாப்பிலக்கணத்தில் 'கடல்' ஒரே நிரையசை ஆகிவிடும். அந்தக் கணக்கைச் சற்று நேரம் ஒதுக்கி வைக்க வேண்டும். ஆங்கில அகராதிகள் அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு நேர்கோட்டை இடுகின்றன. அதே கோட்டை (ˈ) இக்கட்டுரையும் பயன்படுத்துகிறது.

எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரயில்

கோட்டையிலிருந்து கரையோரப் பாதையில் புறப்படும் ரயில்களில் ஒரு வகை, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என ஒவ்வொரு நிலையத்திலும் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழச் சமமான நேரம் கிடைப்பதால் பெயர்ப்பலகையை நிதானமாக வாசிக்கலாம். விரைவு ரயில் சில நிலையங்களில் மட்டுமே நிற்கும். இடையில் உள்ளவை கண்முன்னே ஓடிப்போகும். பலகையும் எழுத்தும் அங்கேயே இருந்தும் வாசிக்க முடியாது. தமிழ்ப் பேச்சு பெருமளவு முதல் வகையைச் சேர்ந்தது, ஆங்கிலப் பேச்சு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆங்கிலத்தைக் கேட்கும் தமிழர், எல்லா நிலையங்களிலும் ரயில் நிற்கும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்; அதனால் அவருக்குச் சொற்கள் காணாமல் போனதாகத் தோன்றுகிறது.

இந்த ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. ரயிலின் வேகத்தால் நிலையம் உருமாறுவதில்லை. ஆங்கிலத்தில், கடந்துசெல்லப்படும் அசையின் உயிரொலியே மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தில்தான் உண்மையான பொறிமுறை இருக்கிறது. அதற்கு முன் தமிழ் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

தமிழ்க் காது எதை எண்ணுகிறது

தமிழில் பொருளை வேறுபடுத்துவது நீளம். கல் ஒன்று, கால் மற்றொன்று. படம் வேறு, பாடம் வேறு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று அளந்து வைத்த இலக்கணம் நம்முடையது. ஒரு சொல்லின் முதல் அசையைச் சற்று எடுப்பாகச் சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் அந்த எடுப்பை இரண்டாம் அசைக்கு மாற்றினால் சொல்லின் பொருள் மாறாது, கேட்பவருக்கு விசித்திரமாக மட்டுமே இருக்கும். ஆகையால் எந்த அசை எடுப்பாக ஒலிக்கிறது என்று கவனிக்கத் தமிழ்க் காதுக்கு அவசியம் ஏற்படவில்லை. எத்தனை மாத்திரை என்று கவனித்தால் அதற்குப் போதும்.

ஆங்கிலக் காது வேறு கணக்கு வைத்திருக்கிறது. பஸ் ஓட்டுவதற்கு வாங்கும் 'பெர்மிட்' நம் அனைவருக்கும் பழகிய சொல். ஆங்கிலத்தில் அனுமதிப்பத்திரத்தைக் குறிக்கும்போது அது ˈபெர்-மிட். அனுமதி கொடு என்று வினையாக வரும்போது ப-ˈமிட். எழுத்தில் இரண்டும் ஒன்றே. பதிவேடு ˈரெ-கோட் என்றால், பதிவு செய் என்பது ரி-ˈகோட். அழுத்தம் இடம் மாறியதும் சொல்லின் வகையும் மாறுகிறது, அதோடு முதல் அசையின் உயிரும் மாறுகிறது. இந்த இரண்டாவது மாற்றத்தைப் பாடசாலைகளில் அதிகம் சொல்லித் தருவதில்லை.

சுருக்கமாக: தமிழ் நீளத்தைக் கொண்டு பொருளைப் பிரிக்கிறது, அசைகளுக்கிடையே பெரிய ஏற்றத்தாழ்வு வைப்பதில்லை. ஆங்கிலத்தில் ஒவ்வொரு பல்லசைச் சொல்லிலும் ஓர் அசை மற்றவற்றைவிட ஓங்கியிருக்க வேண்டும். அது எந்த அசை என்பது அந்தச் சொல்லின் எழுத்துக்கூட்டலைப் போலவே அதன் அடையாளத்தில் ஒரு பகுதி.

அழுத்தம் எவற்றால் ஆனது

அழுத்தம் என்றவுடன் பலரும் உரக்கச் சொல்வதையே நினைக்கிறார்கள். ஸ்போக்கன் இங்லிஷ் வகுப்புகளிலும் மேசையைத் தட்டிக்கொண்டு ஓர் அசையைக் கத்திச் சொல்லும் முறை இருக்கிறது. அழுத்தத்தில் நான்கு கூறுகள் உள்ளன: ஒலியின் உரப்பு, அசையின் நீளம், குரலின் சுருதியில் ஏற்படும் ஏற்றம் அல்லது திருப்பம், உயிரொலியின் தெளிவு. இவற்றுள் உரப்பே வலிமை குறைந்தது. லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜைச் சேர்ந்த டெனிஸ் ஃப்ரை, பெயராகவும் வினையாகவும் வரும் இத்தகைய சொல் இணைகளைச் செயற்கையாக ஒலிக்கச் செய்து, உரப்பு, நீளம், சுருதி ஆகியவற்றைத் தனித்தனியே கூட்டியும் குறைத்தும், கேட்டது பெயரா வினையா என்று மக்களிடம் கேட்டார். 1955இலும் 1958இலும் வெளியான அந்தச் சோதனைகளில், கேட்பவரின் முடிவை உரப்பைவிட நீளமும், நீளத்தைவிடச் சுருதி மாற்றமும் அதிகமாகத் திருப்பின.

ஆகவே அழுத்தம் பெற்ற அசையை இருமடங்கு உரப்பாகச் சொல்ல வேண்டியதில்லை. அதைச் சற்று நீட்டி, குரலை அங்கே அசைத்து, அதன் உயிரைத் தெளிவாக ஒலித்தால் போதும். மீதி வேலை மற்ற அசைகளில் நடக்கிறது.

மங்கிய உயிர்

ஆங்கிலத்தில் மிக அதிகமாக ஒலிக்கும் உயிரொலிக்கு ஆங்கில நெடுங்கணக்கில் தனி எழுத்துக் கிடையாது. உதடு குவியாமலும் விரியாமலும், நாக்கு முன்னும் பின்னும் போகாமல் நடுவில் சும்மா கிடக்க, வாய் பாதி திறந்திருக்கும்போது வெளிவரும் குறுகிய ஒலி அது. 'ஷ்வா' என்பது அதன் உலகப் பெயர். மங்கிய உயிர் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். தமிழ் எழுத்தில் அதற்கு மிக அருகில் வருவது குறுகலாகச் சொல்லப்பட்ட அகரம் என்பதால் இங்கே அகரத்தாலேயே அது காட்டப்படுகிறது.

அழுத்தம் பெறாத அசையில் எழுத்தளவில் எந்த உயிர் இருந்தாலும், அது இந்த மங்கிய உயிராகவோ அதை ஒத்த ஒரு குறுகிய இகரமாகவோ தளர்ந்துவிடுவதே ஆங்கிலத்தின் பொது இயல்பு. நம் நகரத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்துப்படி நாம் 'கொலம்போ' என்று முதல் ஒகரத்தை முழுமையாகச் சொல்கிறோம். இங்கிலாந்துக்காரர் வாயில் அது க-ˈலம்-போ; முதல் அசையில் ஒகரத்தின் சுவடே இராது. பொலிஸ் அங்கே ப-ˈலீஸ், கொமிட்டி க-ˈமி-டி, ஹோட்டல் ஹோ-ˈடெல், டெவலப்மென்ட் டி-ˈவெ-லப்-மன்ட். இச்சொற்கள் தமிழுக்குள் வந்தபோது தமிழின் சமநடையை ஏற்றுக்கொண்டன. தமிழ் பேசும்போது 'பொலிஸ்' என்பதே சரியான உச்சரிப்பு, அதில் குறை காண எதுவும் இல்லை. ஆங்கிலம் பேசும்போதும் அதே உருவத்தை எடுத்துக்கொண்டு போனால்தான் சிக்கல் எழுகிறது.

ஒரு குடும்பத்துச் சொற்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்தத் தளர்ச்சியின் அளவு விளங்கும். ˈஃபோ-ட-கிராஃப் என்பது படம். ஃப-ˈடொ-க்ர-ஃபி என்பது படம் பிடிக்கும் கலை. ஃபோ-ட-ˈக்ரா-ஃபிக் என்பது அதன் பெயரடை. முதற்சொல்லில் ஓங்கி நின்ற 'ஃபோ' இரண்டாம் சொல்லில் வெறும் 'ஃப' ஆகிவிட்டது. முதலாவதில் மங்கிக் கிடந்த 'ட' இரண்டாவதில் 'டொ' என்று எழுந்து நிற்கிறது. அழுத்தம் என்பது ஓர் அசையை உயர்த்துவதைப் போலவே, சுற்றியிருப்பவற்றைத் தாழ்த்துவதும் ஆகும். தமிழர் பலர் உயர்த்தும் பாதியை எளிதில் கற்றுக்கொள்கிறார்கள். தாழ்த்தும் பாதியைச் செய்ய மனம் வருவதில்லை, ஏனெனில் எழுத்தைத் தெளிவாக ஒலிப்பதே நல்ல உச்சரிப்பு என்று சிறுவயதிலிருந்து நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. தமிழுக்கு அது மெத்தச் சரி.

ஆயினும் உயிரைத் தளர்த்துவது நமக்கு முற்றிலும் அந்நியமான செயல் அன்று. 'நடு' என்ற சொல்லின் ஈற்றுகரத்தையும் 'நாடு' என்ற சொல்லின் ஈற்றுகரத்தையும் மாறி மாறிச் சொல்லிப் பார்க்கலாம். முதலாவதில் உதடு குவிகிறது. இரண்டாவதில் குவியாமலே ஒலி முடிந்துவிடுகிறது, நேரமும் அரை மாத்திரையாகக் குறைகிறது. இதுதான் குற்றியலுகரம். அடுத்து உயிர் வந்தால் அது முழுவதுமாகவே மறைந்து 'நாடெங்கும்' என்று ஆகிவிடும். எழுத்தில் உகரம் இருந்தும் வாயில் அது தேய்வதை எந்தத் தமிழரும் விழுங்குதல் என்று சொல்வதில்லை. ஆங்கிலம் இதே தேய்வைச் சொல்லின் ஈற்றோடு நிறுத்தாமல் முதலிலும் நடுவிலும் எல்லா உயிர்களுக்கும் செய்கிறது. சில இடங்களில் அசையே உதிர்ந்துபோகிறது: நாம் நான்கு அசையாகச் சொல்லும் 'வெஜிடபிள்' அங்கே ˈவெஜ்-ட-பல் என்று மூன்றாகச் சுருங்கும்.

இதுவரை பார்த்தவற்றைச் சேர்த்துச் சொன்னால், அழுத்தம் பெற்ற அசை நீண்டு, சுருதி மாறி, தெளிவான உயிரோடு ஒலிக்கிறது. அழுத்தம் பெறாதவை குறுகி மங்குகின்றன. இந்த ஏற்றத்தாழ்வு இல்லையென்றால் ஆங்கிலக் காது சொல்லை அடையாளம் காண்பதற்கு மெனக்கெட வேண்டியிருக்கும். பிரித்தானிய உரையாடல்களை ஆராய்ந்த ஆன் கட்லர், 1987இல் ஒரு சக ஆய்வாளரோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், பொருள் தரும் சொற்களில் பத்துக்கு ஒன்பது அளவு தெளிவான உயிரைக் கொண்ட அசையிலேயே தொடங்குவதைக் காட்டினார். அதாவது, தெளிவான அசை கேட்டால் அங்கே புதிய சொல் ஒன்று தொடங்குகிறது என்று ஆங்கிலக் காது ஊகித்துக்கொள்ளலாம். எல்லா அசைகளையும் தெளிவாகச் சொல்பவர், தாம் உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு, இல்லாத சொற்களின் தொடக்கங்களைக் கேட்பவர் முன் குவிக்கிறார்.

அழுத்தம் விழும் இடம்

எந்த அசையில் அழுத்தம் விழும் என்பதற்கு முழுமையான விதி கிடையாது. அகராதியைப் பார்ப்பதே உறுதியான வழி. ஆனாலும் சில போக்குகள் நம்பத்தக்கவை. 'ஷன்' என்று முடியும் சொற்களில் அதற்கு முந்திய அசை ஓங்கும்: இன்-ஃப-ˈமேய்-ஷன், எ-ஜு-ˈகேய்-ஷன். 'இக்' என்று முடிந்தாலும் பெரும்பாலும் அப்படியே. ˈஆ-ர-பிக், ˈபொ-ல-டிக்ஸ் போன்ற விலகல்கள் உண்டு. 'இட்டி' என்று முடிபவையும் அதே வழிதான்: மின்சாரம் இ-லெக்-ˈட்ரி-ஸி-டி. 'இயர்' விகுதி அழுத்தத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். நாம் முதலெழுத்தை ஓங்கிச் சொல்லும் இன்ஜினியர், ஆங்கிலத்தில் என்-ஜி-ˈநியர்.

இரு சொற்கள் சேர்ந்து ஒரு பெயராகும்போது பொதுவாக முதற்சொல் ஓங்கும். தெருப் பெயர்களில் ஒரு வேடிக்கையான வேறுபாடு உண்டு. 'ஸ்ட்ரீட்' என்று முடிந்தால் அழுத்தம் முன்சொல்லில் விழும். 'ரோட்', 'லேன்', 'அவென்யூ' என்று முடிந்தால் பின்சொல்லில் விழும். ஆகவே புறக்கோட்டையின் மெயின் ஸ்ட்ரீட் ˈமெயின் ஸ்ட்ரீட். நாம் செட்டியார் தெரு என்று சொல்வது ˈஸீ ஸ்ட்ரீட். காலி வீதியோ கால் ˈரோட். ஏன் இப்படி என்று கேட்டால் மொழியின் பழக்கம் என்பதைத் தவிர எளிய விடை இல்லை.

சிறு சொற்களும் தாளமும்

சொல்லுக்குள் நடப்பது வாக்கியத்திலும் நடக்கிறது. பெயர், முதன்மை வினை, பெயரடை, வினையடை ஆகியவை பொருளைச் சுமப்பதால் ஓங்கும். 'டு', 'ஒவ்', 'அன்ட்', 'ஃப்ரொம்', 'வொஸ்', 'கேன்' போன்ற இணைப்புச் சொற்கள் மங்கி ட, அவ், அன், ஃப்ரம், வஸ், கன் என்று ஒலிக்கும். இவற்றை மெலிந்த வடிவங்கள் என்பர். வாக்கியத்தின் இறுதியில் வந்தாலோ, ஒன்றை வேறொன்றோடு எதிர்நிறுத்திச் சொன்னாலோ முழு வடிவம் திரும்பி வரும்.

பின்வரும் மூன்று வாக்கியங்களையும் மேசையில் மும்முறை தட்டியபடி சொல்லிப் பார்க்கலாம்.

ˈடீச்சர்ஸ் ˈமார்க் ˈபேப்பர்ஸ்.
த ˈடீச்சர்ஸ் அவ் ˈமார்க்ட் த ˈபேப்பர்ஸ்.
த ˈடீச்சர்ஸ் வில் அவ் பின் ˈமார்க்கிங் த ˈபேப்பர்ஸ்.

அசைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பாகியும் தட்டுகள் மூன்றேதான். நடுவில் நுழைந்த சிறு சொற்கள் தட்டுகளுக்கிடையே இடுக்கிக்கொள்கின்றன. தாளம் என்று இங்கே சொல்வது, ஓங்கிய அசைகள் இப்படி மீண்டும் மீண்டும் வரும் ஒழுங்கைத்தான்.

இதைப் பற்றிப் பரவலாக ஒரு மிகையான கூற்று உலவுகிறது. 1945இல் அமெரிக்க மொழியியலாளர் கென்னத் பைக், ஆங்கிலத்தை அழுத்தத்தால் அளக்கப்படும் தாளம் கொண்டது என்று வகைப்படுத்தி, அசையால் அளக்கப்படும் தாளத்திலிருந்து பிரித்தார். 1967இல் பிரித்தானிய ஒலியியலாளர் டேவிட் அபர்குரொம்பி உலக மொழிகள் அனைத்தும் இவ்விரண்டில் ஒன்றில் அடங்கும் என்றார். இதிலிருந்துதான், ஆங்கிலத்தில் இரண்டு அழுத்தங்களுக்கு இடைப்பட்ட நேரம் எப்போதும் சமம் என்ற பாடம் வகுப்பறைகளுக்குள் வந்தது. 1980களில் கருவிகளால் அளந்து பார்த்தபோது அப்படி இல்லை என்று தெரிந்தது. இடையில் அசைகள் கூடினால் நேரமும் கூடத்தான் செய்கிறது, அசைக்கணக்குக்கு நிகராகக் கூடுவதில்லை, அவ்வளவே. சமநேரம் என்ற உணர்வைத் தருவது முன்பு கண்ட அதே தளர்ச்சிதான். எனவே கடிகாரத்துக்கு ஏற்பப் பேச முயல்வது வீண் உழைப்பு. மங்க வேண்டியவற்றை மங்கவிட்டால் தாளம் பின்னாலேயே வந்துவிடும்.

மெலிந்த வடிவங்களைத் தவறவிட்டால் பொருளே தலைகீழாகும் இடமும் உண்டு. வர முடியும் என்பது ஐ கன் ˈகம். வர முடியாது என்பது பிரித்தானிய முறையில் ஐ ˈகாண்ட் ˈகம். எதிர்மறை வடிவம் ஒருபோதும் மங்காது. ஆகவே தொலைபேசியில் ஒருவர் 'ஐ கேன் கம்' என்று ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தித் தெளிவாகச் சொன்னால், அமெரிக்கர் ஒருவருக்கு அது 'கேன்ட்' என்று கேட்க வாய்ப்பு அதிகம், ஏனெனில் அவர் ஈற்று 'ட்' ஒலியைவிட உயிரின் தெளிவையே நம்பிக் கேட்கிறார்.

'தான்' இல்லாத மொழி

சொல்லின் அழுத்தம், வாக்கியத்தின் தாளம் ஆகிய இரண்டுக்கும் அடுத்த மூன்றாவது அடுக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது. 'அக்காதான் நாளைக்குக் கண்டிக்குப் போறா' என்பதற்கும், 'அக்கா நாளைக்குத்தான் கண்டிக்குப் போறா' என்பதற்கும், 'அக்கா நாளைக்குக் கண்டிக்குத்தான் போறா' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. தமிழில் ஒரு 'தான்', ஓர் ஏகாரம் அல்லது சொற்களின் வரிசைமாற்றம் அந்த வேலையைச் செய்துவிடும். ஆங்கிலத்தில் 'தான்' கிடையாது, சொல்வரிசையும் எளிதில் அசையாது. அதனால் அம்மொழி அதே வேலையைக் குரலிடம் ஒப்படைத்திருக்கிறது. வாக்கியம் அப்படியே இருக்க, சுருதியின் பெரிய திருப்பம் மட்டும் 'ஸிஸ்டர்' என்பதிலிருந்து 'டுமொரோ'வுக்கோ 'கண்டி'க்கோ நகரும். இந்தத் திருப்பம் விழும் அசையை மைய அழுத்தம் என்கிறோம்.

சிறப்பான காரணம் எதுவும் இல்லாதபோது, புதிய செய்தியைத் தரும் கடைசிப் பொருட்சொல்லில் அது விழும். ஏற்கனவே பேசப்பட்ட சொல் திரும்ப வந்தால் அதைத் தாழ்த்திச் சொல்ல வேண்டும். தேநீர் பிடிக்குமா என்ற பொருளில் 'டு யு லைக் ˈடீ' என்று கேட்டால், 'ஐ ˈலவ் டீ' என்பதே விடை; இரண்டாம் முறை வரும் 'டீ' சரிந்துவிடும். அங்கும் 'டீ'யை ஓங்கிச் சொன்னால், முன்பு பேசியது தேநீரைப் பற்றியது இல்லை என்பது போலத் தொனிக்கும். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாத ஆங்கிலம் சில வேளைகளில் முரட்டுத்தனமாகவோ அக்கறையற்றதாகவோ கேட்பவருக்குப் படுவதற்கு மைய அழுத்தம் இடம் தவறுவதும் ஒரு காரணம்.

எதிலிருந்து தொடங்குவது

1796இல் பிரித்தானியர் கொழும்பைக் கைப்பற்றிய பின் இங்கு வேரூன்றிய ஆங்கிலம், இன்று இலங்கை ஆங்கிலம் என்ற பெயரில் தனக்கென ஒரு நடையை வைத்திருக்கிறது. அசைகளை ஓரளவு சமமாக ஒலிப்பது அந்த நடையின் இயல்புகளில் ஒன்று. கொழும்பில் இருவர் அப்படிப் பேசிக்கொள்ளும்போது எதுவும் கெட்டுப்போவதில்லை. அதை லண்டன் உச்சரிப்பாக மாற்ற வேண்டும் என்று வற்புறுத்தும் விளம்பரங்களை நான் மதிப்பதில்லை. உலகின் பல மொழியினரும் ஆங்கிலத்தில் உரையாடுவதை ஆராய்ந்த ஜெனிபர் ஜென்கின்ஸ், 2000ஆம் ஆண்டில், அத்தகைய உரையாடலுக்கு இன்றியமையாதவை என்று ஒரு சிறு பட்டியலை முன்வைத்தார். மெலிந்த வடிவங்களையும் அழுத்தத் தாளத்தையும் அவர் பட்டியலில் சேர்க்கவில்லை. மைய அழுத்தத்தைச் சேர்த்தார். தனிச்சொல்லின் அழுத்தத்தையும் அவர் விட்டுவிட்டதை எல்லா ஆய்வாளரும் ஏற்கவில்லை, நானும் ஏற்கத் தயங்குகிறேன்.

எனவே பேசுவதற்கும் கேட்பதற்கும் வேறுவேறு முன்னுரிமை வைத்துக்கொள்வது நல்லது. பேசும்போது முதலில் மைய அழுத்தத்தையும், அடுத்துத் தம் தொழிலில் அன்றாடம் வரும் சொற்களின் அழுத்தத்தையும் சரிசெய்துகொண்டால் போதுமானது. கணக்காளர் ஒருவருக்கு அ-ˈகவுண்-டன்ட், தாதிக்கு ˈபேய்-ஷன்ட், வங்கியில் பணிபுரிபவருக்கு டி-ˈபொ-ஸிட் என்று ஒரு சிறு பட்டியல் தயாரித்து, அகராதியைப் பார்த்துக் கோடிட்டு வைக்கலாம். கேட்பதற்கோ மெலிந்த வடிவங்களைத் தவிர்க்கவே முடியாது. செய்தி ஒலிபரப்பில் ஒரு நிமிடத்தைப் பதிவு செய்து, கேட்ட சொற்களை எழுதிப் பார்த்தால், விடுபட்டவற்றில் பல 'ட', 'அவ்', 'அன்' என்ற மங்கிய சிறு சொற்களாகவே இருக்கும். அவற்றை நிரப்பியபின் அதே பதிவை மீண்டும் கேட்க வேண்டும். தொகைகளைச் சொல்லும்போது மட்டும் யாரும் அழுத்தத்தை நம்பி இருந்துவிடக் கூடாது. ˈஃபிஃப்-டி ஐம்பது, ஃபிஃப்-ˈடீன் பதினைந்து என்பது உண்மைதான். ஆனால் பதினைந்துக்குப் பின் ஓங்கிய சொல் ஒன்று வந்தால் ஆங்கிலக்காரர்களே ˈஃபிஃப்-டீன் என்று அழுத்தத்தை முன்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள், அதனால் இலக்கங்களை 'ஒன், ஃபைவ்' என்று பிரித்து ஒரு முறை திருப்பிச் சொல்லிவிடுவது பாதுகாப்பு.